அதற்கும் முன்பே

ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறார். அதற்கு முன்பே நான் இரவுச் சாப்பாட்டை முடித்திருந்தேன். பிரெஞ்சு இலக்கண வரலாற்றில் பெயர்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு இது. 1660இல் பாரிஸில் வெளிவந்த போர்-ரோயால் இலக்கணத்தில் அந்துவான் அர்னோவும் க்ளோத் லான்ஸ்லோவும் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட்டது தன்னளவில் முடிந்துபோன செயல். ஒருவர் உள்ளே வந்ததும் முடிந்துபோன செயல்தான். ஆனால் சாப்பாடு அந்த வருகைக்கும் முந்தியது. ஆகவே இந்த வினை இருமுறை இறந்தகாலம் காட்டுகிறது என்றார்கள் அவர்கள். அந்த வடிவத்துக்குப் பிரெஞ்சில் ‘ப்ளு-க்-பார்ஃபே’ என்று பெயர்.

பெயருக்கு வயது அதிகம். கிரேக்க இலக்கணக்காரர்கள் ‘முற்றுப்பெற்றதற்கும் அப்பால்’ என்ற பொருளில் வைத்ததை ரோமானியர்கள் ‘ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்தும்’ என்று தங்கள் மொழிக்கு மாற்றிக்கொண்டார்கள். 4ஆம் நூற்றாண்டில் ரோமில் பாடம் நடத்திய தொனாத்துஸின் சிறு இலக்கணம் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பாலபாடமாக இருந்தது. இந்தப் பெயர் பள்ளிகளில் நிலைத்தது அதன் வழியாகத்தான். பெயர் இப்படிக் கைமாறிப் பத்திரமாக வந்து சேர்ந்தது. வடிவத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அது நடுவழியில் செத்துப்போயிற்று. இன்று பிரெஞ்சுக்காரர் வாயில் இருப்பது அதன் வாரிசு அல்ல. அது செய்துவந்த வேலையை ஏற்றுக்கொண்ட வேறொரு குடும்பத்துப் பிள்ளை.

இலத்தீனில் ‘எழுதியிருந்தேன்’ என்பதற்கு ஒரே சொல் போதும்: ஸ்க்ரிப்செரம். பகுதியும் விகுதியும் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் வரும் சொல். ‘எழுதியிருந்தான்’ என்றால் ஸ்க்ரிப்செரத். இதற்குப் பக்கத்திலேயே ஸ்க்ரிப்செரித் என்று ஒன்று உண்டு. அது ‘எழுதி முடித்திருப்பான்’ என்று எதிர்காலத்தையும் காட்டும், ‘எழுதியிருக்கக்கூடும்’ என்ற ஐயத்துக்கும் வரும். இரண்டு வடிவங்களையும் பிரித்து வைத்திருந்தது கடைசி அசையில் இருந்த ஓர் உயிரெழுத்து மட்டுமே. பேச்சு வழக்கில் அழுத்தம் விழாத இடத்து உயிரெழுத்துகள்தான் முதலில் தேயும். கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில், அந்தத் தேய்மானம் மற்ற இடங்களைவிடக் கடுமையாக நடந்தது. கடைசி அசை மங்கியதும் ‘எழுதியிருந்தான்’ எது, ‘எழுதியிருப்பான்’ எது என்று காது பிரித்தறிய முடியாமல் போயிற்று. இலக்கண நூலில் அழகாக நின்ற ஒரு கட்டடத்தைச் சந்தைப் பேச்சு அசை அசையாகக் கரைத்துவிட்டது.

செத்ததற்கு ஒரு சாட்சி இருக்கிறது. பிரான்சின் வடக்கே வலன்சியென் நகர நூலகத்தில் ஒரு தோல் சுவடி. அதன் கடைசித் தாள்களில், 881ஆம் ஆண்டை ஒட்டி, புனித யூலாலி என்ற கன்னியின் மரணத்தைச் சொல்லும் 29 வரிப் பாடல் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. பிரெஞ்சு மொழியில் நமக்குக் கிடைத்த முதல் இலக்கியப் பிரதி இது. 1837இல் இதைத் தேடிக் கண்டெடுத்தவர் ஹோஃப்மான் ஃபான் ஃபாலர்ஸ்லேபன் என்ற ஜெர்மானியர். பின்னாளில் ஜெர்மனியின் தேசிய கீதமான பாட்டை எழுதியவரும் அவரே. அந்த 29 வரிகளுக்குள் ‘அவ்ரெத்’, ‘ஃபுரெத்’, ‘வோல்த்ரெத்’ என்று நான்கைந்து வினைகள் கிடக்கின்றன. ஓசையை வைத்துப் பார்த்தால் எல்லாம் பழைய இலத்தீன் வடிவத்தின் நேர்ப் பிள்ளைகள். ‘அவ்ரெத்’ என்பது ‘கொண்டிருந்திருந்தாள்’ என்ற பழைய சொல்லின் மிச்சம். ஆனால் பாடலில் அதற்குப் பொருள் வெறுமனே ‘கொண்டிருந்தாள்’ என்பதுதான். அந்தப் பெண்ணுக்கு அழகிய உடல் இருந்தது, அவ்வளவே. ‘அதற்கும் முன்பு’ என்ற பொருள் கழன்று விழுந்துவிட்டது. கூடு இருக்கிறது, உயிர் இல்லை. பிறகு வந்த பிரெஞ்சுப் பிரதிகளில் கூடும் மறைந்துபோனது.

உடன்பிறந்தவர்களின் கதை வேறு. போர்த்துகீசிய மொழி பழைய வடிவத்தைக் கைவிடவே இல்லை. ‘எழுதியிருந்தான்’ என்பதற்கு அங்கே ‘எஷ்க்ரெவேரா’ என்று ஒற்றைச் சொல் இன்றும் எழுத்தில் புழங்குகிறது. ஸ்பானிய மொழியில் அதே வடிவம் வேலை மாறி, ஐயமும் நிபந்தனையும் சொல்லும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சிலும் ஒரு துண்டு வேஷம் போட்டுத் தப்பியது. ‘பாடியிருந்தால்’ போன்ற ஐயநிலைக்கு இலத்தீன் வைத்திருந்த கன்தாவிஸ்ஸெம் என்ற சொல்தான் ‘ஷான்தாஸ்’ ஆகி, பிரெஞ்சு இலக்கணத்தில் வேறொரு காலப் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. பேச்சில் அதை இப்போது யாரும் சொல்வதில்லை. பழைய நாடகங்களில் கேட்கலாம்.

வடிவம் போனாலும் தேவை போகவில்லை. நேற்று நடந்ததைச் சொல்லும் எவருக்கும் அதற்கு முந்தின நாள் நடந்ததையும் சொல்லவேண்டி வரும். கதை என்று ஒன்று இருக்கும்வரை இது தீராது. அந்த இடத்தை நிரப்ப யாரும் குழு போட்டு யோசிக்கவில்லை. மக்கள் ஏற்கெனவே வீட்டிலும் கடையிலும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு தொடரே உள்ளே வந்து உட்கார்ந்தது.

அந்தத் தொடரைத் தமிழர்கள் எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள். ‘கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்’ என்கிறோம் அல்லவா? எழுதியதும் அதில் இருக்கிறது, எழுதிய கடிதம் கைவசம் இருப்பதும் இருக்கிறது. இலத்தீனிலும் ஹபேரே என்ற வினை ‘கைவசம் வைத்திரு’ என்று பொருள்படும். எழுதப்பட்ட ஒரு கடிதத்தை வைத்திருந்தேன்: எபிஸ்துலம் ஸ்க்ரிப்தம் ஹபேபம். கடிதம் பெண்பாற் சொல் என்பதால் ‘எழுதப்பட்ட’ என்பதும் பெண்பால் விகுதி ஏற்று ஸ்க்ரிப்தம் ஆகிறது. சிசரோ காலத்திலேயே, ஒரு மாகாணத்தில் பணத்தை முதலீடு செய்து வைத்திருப்பவர்களைப் பற்றிப் பேச இப்படி ஒரு வாக்கியம் வந்திருக்கிறது. அப்போது பொருள் உடைமைதான். பணம் இருக்கிறது, அது போடப்பட்டு இருக்கிறது. மெல்ல மெல்ல, வைத்திருப்பவனும் செய்தவனும் ஒருவனே என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். 6ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் கிரெகோரி எழுதிய ‘தந்தையர் வாழ்க்கை’ நூலில், ஆயரை ‘அழைத்திருக்கிறாய்’ என்று சொல்ல இதே அமைப்பு வருகிறது. ஆயரை யாரும் கைவசம் வைத்துக்கொள்ள முடியாது. உடைமை அங்கே கழன்றுவிட்டது. செயல் முடிந்தது என்பது மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஹபேரேயை இறந்தகாலத்தில் வைத்தால் முடிந்ததற்கும் முந்தியது கிடைத்துவிடும். செத்த வடிவத்தின் வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

இந்தக் கதைக்குள் ஒரு கிளைக்கதை உண்டு. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட நெருக்கமானது. இலத்தீனில் எல்லா வினைகளும் ஒட்டுச்சொல்லாக வரவில்லை. பிறத்தல், இறத்தல், புறப்படுதல் போன்ற சில வினைகள் ஆதியிலிருந்தே ‘இரு’ என்ற துணைவினையோடு இரண்டு சொற்களாகத்தான் வந்தன. ‘இறந்திருந்தான்’ என்றால் மோர்த்துவுஸ் எரத். ‘பிறந்திருந்தான்’ என்றால் நாத்துஸ் எரத். பிரெஞ்சில் இன்று இவை ‘இல் எதே மோர்’, ‘இல் எதே நே’. துணைவினையின் உருவம் மாறியிருக்கிறது. எரத்திலிருந்து வந்த பழைய ‘எரெத்’ வழக்கொழிந்து ‘எதே’ அந்த இடத்துக்கு வந்தது. ஆனால் அமைப்பு அறுபடவே இல்லை. ஊரில் எல்லாக் கட்டடங்களும் இடிந்து புதிதாக எழுந்தபோது பிறப்பும் இறப்பும் மட்டும் பழைய வீட்டிலேயே குடியிருந்தன. வா, போ, வந்து சேர், விழு போன்ற இடமாற்ற வினைகளும் அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. அதனால்தான் பிரெஞ்சு படிக்கிற ஒவ்வொருவரும் இன்றும் முதல் கேள்வியாக அதைக் கேட்டுக்கொள்கிறார்கள்: இந்த வினைக்கு ‘வைத்திரு’ என்று பொருள்படும் ‘அவுவார்’ துணையா, ‘இரு’ என்று பொருள்படும் ‘எத்ர்’ துணையா?

‘எழுது’ என்ற வினையை அடுக்கிப் பார்க்கலாம். ஜவே எக்ரி, து அவே எக்ரி, இல் அவே எக்ரி. பன்மையில் நூஸ் அவியோன் எக்ரி, வூஸ் அவியே எக்ரி, இல்ஸ் அவே எக்ரி. ஆறு இடங்களிலும் ‘எக்ரி’ அசையவில்லை. திரிவது துணைவினை மட்டுமே. அதிலும் தன்மை ஒருமை, முன்னிலை ஒருமை, படர்க்கை ஒருமை, படர்க்கைப் பன்மை ஆகிய நான்குக்கும் காதில் விழுவது ஒரே ‘அவே’. எழுத்தில்தான் எஸ், டி, இஎன்டி என்று வால்கள் வேறுபடும். ஒரு காலத்தில் ஒலித்துப் பின் ஓய்ந்துபோன எழுத்துகள் அவற்றில் பல. ஏ-ஐ என்று இன்று எழுதும் அந்த உயிர்கூட 1835 வரை அதிகாரபூர்வமாக ஓ-ஐ என்றுதான் எழுதப்பட்டது. நீதிமன்றத்திலும் தெருவிலும் எல்லோரும் ‘அவே’ என்று சொல்லிக்கொண்டிருக்க, தாளில் மட்டும் பழைய உச்சரிப்பு நின்றது. வோல்த்தேர் அதை மாற்றச் சொல்லித் தன் நூல்களில் மாற்றியே அச்சிட்டார். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் ஆறாம் பதிப்பில் ஏற்றுக்கொண்டபோது அவர் இறந்து 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1842இல் பெஷெரெல் சகோதரர்கள் வினைத்திரிபுகளுக்கென்றே ஒரு கையேடு கொண்டுவந்தார்கள். இன்றுவரை பிரெஞ்சு மாணவர் மேசையில் ‘பெஷெரெல்’ என்று சொன்னால் வினைத்திரிபு அட்டவணைப் புத்தகம் என்றே அர்த்தம்.

அந்த அட்டவணை புதுச்சேரிக்கும் வந்தது. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி அங்கே இன்னும் நடக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சை எடுக்கும் பிள்ளைகள் பலர். தமிழ்ப் பிள்ளைக்கு இந்தக் காலத்தின் பொருள் புதிதல்ல. எழுதியிருந்தேன், வந்திருந்தேன், இறந்திருந்தான் என்று நாளெல்லாம் பேசுகிறோம். ஆனால் நமக்குத் துணைவினை ஒன்றே: இரு. எழுதியதற்கும் அதுதான், வந்ததற்கும் அதுதான். உடைமைக்கென்று தனி வினையே தமிழில் கிடையாது; ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்று அங்கேயும் ‘இரு’தான் வருகிறது. அதனால் தமிழ் மாணவர் பொருளில் தடுமாறுவதில்லை, துணைவினையைத் தேர்வதில்தான் தடுமாறுகிறார். பாடம் நடத்துகிறவர்கள் பதினாறு பதினேழு வினைகளை மனப்பாடம் செய்யச் சொல்வதோடு நிறுத்தாமல், அவை ஏன் அந்தப் பக்கம் நிற்கின்றன என்பதையும் பத்து நிமிடம் சொல்லலாம். காரணம் தெரிந்தால் பட்டியல் மறக்காது.

பிரெஞ்சு இலக்கணத்தை முறையாக எழுதத் தொடங்கியவர்களில் ஆங்கிலேயர்களும் முன்னணியில் இருந்தார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1530இல் லண்டனில் ஜான் பால்ஸ்கிரேவ் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். பிரான்சில் லூயி மெக்ரே பிரெஞ்சிலேயே எழுதியது 1550இல். இதற்கு இடையே, 1538இல், கவிஞர் க்ளெமான் மாரோ தம் சீடர்களுக்கென ஒரு சிறு செய்யுளில் விதி ஒன்றைச் சொன்னார்: செயப்படுபொருள் முன்னால் வந்துவிட்டால் எச்சம் அதன் பால் எண்ணை ஏற்கவேண்டும். இத்தாலிய மொழியைப் பார்த்துச் சொன்னார். ‘நான் கடிதத்தை எழுதியிருந்தேன்’ என்றால் ‘எக்ரி’. ‘நான் எழுதியிருந்த கடிதம்’ என்று கடிதம் முன்னால் வந்துவிட்டால் ‘எக்ரீத்’. அதுவரை எழுதுகிறவர்கள் விருப்பம்போல் இசைவு கொடுத்தும் கொடுக்காமலும் எழுதிவந்தார்கள். வொழ்லா என்ற இலக்கணக்காரர் 1647இல் அந்த விதியை வலுப்படுத்தினார். பள்ளிக்கூடம் அதைச் சட்டமாக்கியது.

அந்த ‘எக்ரீத்’ சொல்லின் கடைசி ‘த்’ ஒலியில் இருப்பது ஈராயிரம் ஆண்டுப் பழைய ஸ்க்ரிப்தம். கடிதம் எழுதப்பட்டதாகக் கையில் இருந்த காலத்தின் அடையாளம் அது. உடைமை மறைந்துபோன பிறகும் உடைமைப் பொருளின் பால் மட்டும் நீங்காமல் நிற்கிறது. விதியைப் பாரம் என்று வெறுப்பவர்கள்கூட அதன் வயதை அறிந்திருக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

20ஆம் நூற்றாண்டில் இந்த வடிவத்துக்கு எதிர்பாராத யோகம் அடித்தது. பிரெஞ்சுக் கதை எழுத்தின் அரசனாக இருந்த ‘பஸ்ஸே ஸம்ப்ள்’ என்ற எளிய இறந்தகாலம் பேச்சிலிருந்து விலகி, புத்தகத்துக்குள் மட்டும் வாழத் தொடங்கியது. 1942இல் ஆல்பேர் கமு ‘அந்நியன்’ நாவலை அந்த அரசனை ஏறக்குறைய ஒதுக்கிவைத்துப் பேச்சுவழக்கின் கூட்டு இறந்தகாலத்தில் எழுதியது பெரிய மாற்றமாகப் பார்க்கப்பட்டது. ஆனால் பழைய கதையானாலும் புதிய கதையானாலும், பேச்சானாலும், ‘அதற்கும் முன்பு’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ப்ளு-க்-பார்ஃபே மாறாமல் நிற்கிறது. மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பிரெஞ்சு வினைக்காலங்களை இரண்டு முகாம்களாகப் பிரித்தார்: வரலாறு சொல்லும் முகாம் ஒன்று, ஒருவர் இன்னொருவரிடம் பேசும் முகாம் ஒன்று. எளிய இறந்தகாலத்துக்கு இரண்டாவது முகாமில் இடமில்லை. ப்ளு-க்-பார்ஃபே இரண்டிலும் உண்டு. அரசவைக்கும் திண்ணைக்கும் தடையின்றிப் போய்வரும் சில வடிவங்களில் அது ஒன்று.

திண்ணையில் அது அதிகம் கேட்பது வருத்தத்தில். ‘தெரிந்திருந்தால் வந்திருக்கமாட்டேன்.’ தமிழில் நாம் ‘இருந்தால்’ போடும் இடத்தில் பிரெஞ்சு இந்த வடிவத்தைப் போடுகிறது: சி ஜவே சு. நடக்காமல் போன ஒன்றைச் சொல்ல, நடந்ததற்கும் முந்தின காலத்தைக் கடன் வாங்குகிறார்கள். ஏன் என்று யோசித்தால் விளங்கும். கடந்த காலமே கைவிட்டுப் போனது. அதற்கும் அப்பால் தள்ளிவைத்தால், மாற்றவே முடியாத இடத்துக்குப் போய்விடுகிறது. பழைய பிரெஞ்சில் இந்த வேலையை ஐயநிலை வடிவங்கள் செய்தன; பிறகுதான் இது உள்ளே வந்தது. குழந்தைகள் இங்கே தவறுவது வழக்கம். ‘சி’க்குப் பின்னால் நிபந்தனை வடிவத்தைப் போட்டுவிடுவார்கள். இவ் ரொபேர் 1962இல் எடுத்த ‘பொத்தான்களின் போர்’ படத்தில் பத்தி ஜிபுஸ் என்ற சின்னப் பையன் அப்படியே சொல்கிறான். ‘வா’ என்ற வினைக்குத் துணைவினையையும் மாற்றிப் போடுகிறான். ஒரே மூச்சில் இரண்டு பிழை. பிரான்சில் அந்த வாக்கியம் தெரியாதவர்கள் குறைவு. அந்தப் பையனின் வருத்தம் எவ்வளவு உண்மையாக இருக்கிறதோ அவ்வளவு உண்மையாக இலக்கணமும் உடைகிறது. அதனால்தான் அது மனத்தில் தங்கியது.

இன்னொரு பயனும் உண்டு. ஒரு வீட்டுக்கு வந்து உதவி கேட்பவர் ‘கேட்க வந்தேன்’ என்று சொல்லாமல் ‘எதே வெனு’ என்று ‘கேட்க வந்திருந்தேன்’ என்பார். வேண்டுகோளைத் தன்னிடமிருந்தே தள்ளி வைத்துப் பணிவு காட்டுவது அது. தென்பிரான்சுப் பகுதிகளில் இன்னும் ஒரு படி போய், துணைவினைக்கும் துணைவினை வைத்து ‘ஜவே உ எக்ரி’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முந்தியதற்கும் முந்தியது தேவைப்பட்டபோது மொழி மறுபடியும் அதே வழியில், கையிலிருந்த சொல்லைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

மாரோவின் விதி இன்னும் சண்டையில்தான் இருக்கிறது. 1900 ஜூலையில் கல்வி அமைச்சர் ஜோர்ஜ் லேக் ஓர் ஆணை வெளியிட்டார்: ‘அவுவார்’ துணையோடு வரும் எச்சத்தை மாணவர்கள் மாற்றாமல் எழுதினால் தேர்வில் தவறென்று கொள்ளவேண்டாம். அகாதெமி எதிர்த்தது. 1901 பிப்ரவரி 26இல் வந்த திருத்திய ஆணையில் அந்தச் சலுகை, எச்சத்துக்குப் பின்னால் இன்னொரு வினை வரும் இடங்களுக்கு மட்டுமே என்று சுருங்கியது. 2018இல் பெல்ஜியத்தின் முன்னாள் ஆசிரியர்கள் அர்னோ ஓத், ஜெரோம் பிரோன் இருவரும் ‘லிபெராசியோன்’ நாளிதழில் அதே கோரிக்கையை மீண்டும் எழுப்பினார்கள். மாணவர் மணிக்கணக்கில் இந்த இசைவைப் பழகுவதற்குப் பதில் எழுதவும் வாசிக்கவும் அந்த நேரத்தைக் கொடுக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

அவர்கள் சொல்வது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். பெரும்பாலான வினைகளில் இந்த இசைவு காதுக்கே கேட்பதில்லை. கேட்கும் வினைகளிலும் பேச்சில் பலர் விட்டுவிடுகிறார்கள். தேர்வில் மதிப்பெண் குறைக்கும் விதியாக அது இருக்கவேண்டியதில்லை. ஆனால் ‘நான் எழுதியிருந்த கடிதம்’ என்று ஒருவர் ‘எக்ரீத்’ போட்டு எழுதினால், அந்த ‘த்’ எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிக்கொடுக்கவேண்டும். அட்டவணையை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அந்த அட்டவணை ஒரு நாள் எரிந்து, கைவசம் வைத்திருந்த கடிதங்களிலிருந்து மறுபடி கட்டப்பட்டது என்று தெரியவேண்டும்.